நீரை மின்னாற்பகுத்து 2:1 எட்டிய கதை

நீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு வரும் என்பது பள்ளிப் புத்தகத்தில் ஒரே வரி. பக்கத்தில் இரண்டு குழாய்கள் உள்ள படமும் இருக்கும். அந்தப் படத்தைக் கையால் செய்து அளந்து பார்க்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. கடைசியில் கிடைத்த எண்கள்: ஹைட்ரஜன் 15.6 மி.லி., ஆக்சிஜன் 7.6 மி.லி. விகிதம் 2.05. அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னால் 15-க்கு 1 கூடத் தேறாமல் வந்தது, 15-க்கு 9 வந்தது, 15-க்கு 4.5 வந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் உண்மையான வேதிவினை இருந்தது. மாணவர்கள் இதைச் செய்யும்போது 2:1 வராவிட்டால் ‘சோதனை சரியா வரலை’ என்று கழுவி வைத்துவிடுவார்கள். அப்படிக் கழுவி வைக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பாதுகாப்பு. சுவர் பிளக்கிலிருந்து நேரடியாக வரும் மின்சாரத்தை எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீருக்குள் விடக் கூடாது. பேட்டரி அல்லது 12 வோல்ட் டிசி அடாப்டர் மட்டும்தான். கண்ணாடி அணிய வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இரண்டு வாயுக்களையும் ஒரே குழாயில் சேரவிடக் கூடாது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். சிறுவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

அமைப்பு

ஆய்வகத்தில் இதற்கு ஹாஃப்மன் வோல்டாமீட்டர் என்ற கண்ணாடிக் கருவி உண்டு. பிளாட்டினம் மின்வாய்கள் (கரைசலுக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் முனைகள்), மேல்நுனியில் திறந்து மூடும் குழாய்கள் எல்லாம் சேர்ந்து விலை எக்கச்சக்கம். அதற்குப் பதிலாக ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சுகளை எடுத்துக்கொண்டேன். ஹைட்ரஜன் பக்கம் 20 மி.லி., ஆக்சிஜன் பக்கம் 10 மி.லி. உள்ளே இருக்கும் தண்டை உருவிவிட்டு, மூக்கு மேலேயும் அகன்ற வாய் கீழேயும் இருக்கும்படி தலைகீழாக நிறுத்த வேண்டும். சிரிஞ்சில் எண்கள் மூக்குப் பக்கம்தான் 0-விலிருந்து தொடங்குகின்றன. வாயுவும் மேலே போய் மூக்கருகில்தான் சேரும். ஆக, திரவ மட்டம் நிற்கும் இடத்தில் உள்ள எண்ணே வாயுவின் கன அளவு. கழித்துப் பார்க்கும் வேலையே இல்லை.

அகலமான ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் அரை லிட்டர் கரைசல். இரண்டு சிரிஞ்சுகளையும் டப்பாவின் குறுக்கே வைத்த மரச்சட்டத்தில் துளையிட்டுச் செருகினேன். நீர் நிறைந்த குழாயைக் கட்டைவிரலால் மூடித் தலைகீழாகக் கவிழ்க்கும் வழக்கமான வித்தையில் பாதி நேரம் காற்றுக்குமிழி உள்ளே போய்விடும். அதனால் ஒவ்வொரு மூக்கிலும் 2 செ.மீ. சிலிக்கான் குழாயை மாட்டி, அதன் நுனியில் வேறொரு சிரிஞ்சைப் பொருத்தி, கரைசலை மேலே உறிஞ்சிக் கிளிப் போட்டு மூடினேன். சில நொடி வேலை, குமிழியே இல்லை. சோதனை முடிந்தபின் வாயுவை வெளியே எடுப்பதற்கும் இதே வழிதான். இந்த அமைப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அந்தச் சின்னக் குழாய். ஆனால் அதற்குள் ஒரு சின்னத் திருட்டும் ஒளிந்திருந்தது, அது பின்னால்.

மின்சாரத்துக்குப் பழைய ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர். தொடரில் ஒரு 68 ஓம் ரெசிஸ்டர், ஓட்டத்தை அளக்க மல்டிமீட்டர் 200 மில்லிஆம்பியர் அளவில். ரெசிஸ்டர் எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் குமிழிகள் மின்வாயை மூடும்போதும் விலகும்போதும் மின்னோட்டம் தாறுமாறாக ஏறி இறங்கும். ரெசிஸ்டர் இருந்தால் அது பெரும்பகுதி வோல்டேஜைத் தன்மேல் வாங்கிக்கொண்டு ஓட்டத்தைச் சீராக வைக்கும். கையில் இருந்த கால் வாட் ரெசிஸ்டரை முதலில் போட்டதில் கருகிய வாடை வந்தது. கணக்குப் போட்டால் காரணம் புரியும்: 0.1 ஆம்பியரின் வர்க்கத்தை 68-ஆல் பெருக்கினால் 0.68 வாட். 2 வாட் ரெசிஸ்டர் மாற்றிய பிறகு தொட்டால் சூடு தெரிகிறது, அவ்வளவுதான்.

மின்வாயைச் சிரிஞ்சுக்குள் எவ்வளவு தூரம் நுழைக்கிறோம் என்பதும் முக்கியம். உயரமாக ஏற்றினால் அயனிகள் (கரைசலில் மின்னூட்டத்தைச் சுமந்து நகரும் துகள்கள்) அந்தக் குறுகிய குழாய் வழியே நீண்ட தூரம் போக வேண்டியிருக்கும்; மின்தடை கூடி ஓட்டம் பாதியாகக் குறையும். வாயிலிருந்து அரை சென்டிமீட்டர் மட்டும் உள்ளே இருந்தால் 100 மில்லிஆம்பியர் சுலபமாகக் கிடைக்கிறது, குமிழியும் வெளியே தப்புவதில்லை.

உப்பும் பென்சிலும்

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தாது, எதையாவது கரைக்க வேண்டும். பல செய்முறைக் குறிப்புகள் சமையல் உப்பைச் சொல்கின்றன, மின்வாய்க்குப் பென்சில் கரியைச் சொல்கின்றன. அங்கேயே தொடங்கினேன். பென்சிலில் எச்பி வேண்டாம், 6பி வாங்குங்கள். கருமையான பென்சிலில் கிராஃபைட் அதிகம், களிமண் குறைவு. அதனால் மின்தடையும் குறைவு. மல்டிமீட்டரை இரு முனையிலும் வைத்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

எல்லா ஓட்டங்களையும் ஒப்பிட ஒரே விதி வைத்துக்கொண்டேன்: ஹைட்ரஜன் 15 மி.லி.யைத் தொட்டதும் நிறுத்திவிட்டு மறுபக்கத்தைப் படிப்பது.

உப்புக் கரைசலில் எதிர்மின்வாய்ப் பக்கம் குமிழிகள் அழகாக ஏறின. நேர்மின்வாயில் ஏதோ பேருக்கு. 15-க்கு எதிரே 1 மி.லி.கூட இல்லை. கிளிப்பைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது. அது குளோரின். உப்பில் உள்ள குளோரைடு அயனிகள் ஆக்சிஜனை முந்திக்கொண்டு நேர்மின்வாயில் எலக்ட்ரானை இழந்து குளோரினாகிவிடுகின்றன. அந்தக் குளோரினும் மேலே சேர்வதில்லை. தண்ணீரில் நன்றாகக் கரைந்து, அங்குள்ள ஹைட்ராக்சைடோடு சேர்ந்து ஹைப்போகுளோரைட் ஆகிறது. வெளுப்பான்களில் இருக்கும் அதே பொருள். இது நச்சு வாயு. உப்பு வைத்துச் செய்யச் சொல்லும் குறிப்புகளை நான் இனி யாருக்கும் காட்டப் போவதில்லை. வாடை வந்தபின் டப்பாவை வெளியே கொண்டுபோய் நிறைய தண்ணீர் விட்டுக் கொட்டினேன். அதில் அமிலம் எதையும் ஊற்றிவிடக் கூடாது. குளோரின் மொத்தமாகக் கிளம்பும்.

சமையல் சோடா: இப்போது வாயு அதிகம்

குளோரைடு இல்லாத ஒன்று வேண்டும். சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், அரை லிட்டருக்கு 21 கிராம். பென்சிலும் மற்றதும் அப்படியே.

இந்த முறை 15-க்கு 9. வேண்டியது ஏழரை. முதலில் குறைந்தது, இப்போது கூடுகிறது. வாயுவைச் சிரிஞ்சில் உறிஞ்சித் தணல் குச்சியில் விட்டேன். ஆக்சிஜன் என்றால் குச்சி பளீரென்று எரிய வேண்டும். இது கொஞ்சம் சிவந்ததோடு சரி. மிச்சத்தைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் மெதுவாகக் குமிழியாக விட்டதும் நீர் பால் நிறமானது. கார்பன் டை ஆக்சைடு!

அது எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நேர்மின்வாயில் ஆக்சிஜன் பிறக்கும்போது கூடவே ஹைட்ரஜன் அயனிகளும் உருவாகின்றன, அதாவது அந்த இடம் அமிலமாகிறது. சோடாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரைக்குமே, அதே வினை அங்கே மின்வாயைச் சுற்றி நடக்கிறது. இரண்டாவது, பிறந்த ஆக்சிஜன் பென்சிலின் கார்பனையே தாக்கி கார்பன் டை ஆக்சைடாகிறது. நேர்மின்வாய்ப் பென்சிலை எடுத்துப் பார்த்தபோது முனை அரித்து மெலிந்திருந்தது. டப்பாவின் அடியில் கறுப்புத் தூள். எதிர்மின்வாய்ப் பென்சில் புதிதுபோலவே இருந்தது. இரண்டு சந்தேகமும் உண்மையாக இருக்கலாம் என்று தோன்றியது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எவ்வளவு என்று தெரியாமல் போய்விடும். ஆகவே முதலில் கரைசலை மட்டும் மாற்றினேன்.

சோடாவை வறுத்துக் கார்பனேட் ஆக்குதல்

சோடியம் கார்பனேட் ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு பைகார்பனேட் ஆகும். வாயுவை வெளியே விடாது. சலவைச் சோடா என்று விற்பதும் இதுதான். வாங்கலாம், ஆனால் சமையல் சோடாவைச் சூடாக்கியே செய்துகொள்ளலாம் என்பதால் அதையும் எடைபோட்டுச் செய்து பார்த்தேன்.

50 கிராம் சோடாவை எவர்சில்வர் பாத்திரத்தில் மிதமான தீயில் வைத்துக் கிளற வேண்டும். சற்று நேரத்தில் அந்த உலர்ந்த தூள் கொதிக்கும் நீரைப் போல அசையத் தொடங்குகிறது. மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் திறந்து மூடுகின்றன. கரண்டியை விட்டால் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போகிறது. தூளுக்கு நடுவிலிருந்து நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுவதால் துகள்கள் மிதக்கின்றன. குளிர்ந்த கண்ணாடித் தட்டை மேலே பிடித்தால் நீர்த்துளி படிகிறது. அசைவு நின்றதும் ஆறவிட்டு நிறுத்தால் 38 கிராம். சமன்பாட்டின்படி 168 கிராம் பைகார்பனேட்டுக்கு 106 கிராம் கார்பனேட் மிஞ்ச வேண்டும், 50-க்கு 31.5. இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி தீயில் வைத்து, நிறுத்து, மறுபடி வைத்து, எடை மாறாமல் நின்ற இடம் 31.8 கிராம். வேதியியலில் ‘நிறை மாறாத வரை சூடாக்கு’ என்று எழுதியிருப்பதன் பொருள் கைக்குத் தெரிந்தது அங்கேதான். அசைவு நின்றுவிட்டது என்று கண்ணை மட்டும் நம்பியிருந்தால் பாதியில் இறக்கியிருப்பேன்.

இதிலிருந்து 27 கிராமை அரை லிட்டரில் கரைத்தேன். கரைக்கும்போது கரைசல் கொஞ்சம் சூடாகும், பயப்பட வேண்டாம். பைகார்பனேட்டைவிட இது காரத்தன்மை கூடியது. தோலில் வழவழவென்று ஒட்டும், உடனே கழுவிவிட வேண்டும்.

பழைய பென்சில், புதிய கரைசல்: 15-க்கு 4.5. இரண்டு சந்தேகமும் சரிதான் என்று இந்த எண் சொல்லிவிட்டது. கரைசலிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடு நின்றுபோயிற்று. பென்சிலை அரித்து உண்டானதைக் கார்பனேட் கரைசல் உள்வாங்கிக்கொண்டது. ஆகவே இப்போது தெரிவது பென்சில் தின்றது போக மிஞ்சிய ஆக்சிஜன் மட்டும்தான். ஏழரையில் மூன்று மி.லி. பென்சிலுக்குள் போயிருக்கிறது.

1800-இல் வோல்ட்டாவின் மின்னடுக்கு, அதாவது முதல் பேட்டரி, வெளியே தெரிந்த கையோடு லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் நீரைப் பிரித்தபோது அவர்களுக்கும் இதே சிக்கல்தான். பித்தளைக் கம்பிகளை வைத்தபோது ஒரு கம்பியில் ஹைட்ரஜன் வந்தது, மற்றக் கம்பியில் வாயு வராமல் கம்பிதான் அரித்தது. பிளாட்டினம் கம்பி போட்ட பிறகே இரண்டு வாயுக்களும் வெளியே வந்தன. புத்தகப் படத்தில் மின்வாய் பிளாட்டினமாக இருப்பதற்கு அதுதான் காரணம்; பிறக்கிற ஆக்சிஜனைத் தானே தின்னாத உலோகம் வேண்டும்.

நிக்கல்

பிளாட்டினம் கட்டுப்படியாகாது. செம்பு, இரும்பு அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகு சிலர் பயன்படுத்துவார்கள். அதில் குரோமியம் இருப்பதால் நேர்மின்வாயில் கரைந்து மஞ்சள் நிற நச்சுச் சேர்மங்கள் உண்டாக வாய்ப்பிருக்கிறது, அதனால் அதைத் தொடவில்லை. காரக் கரைசலில் நிக்கல் நன்றாகத் தாங்கும். மேலே மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி உள்ளே இருப்பதைக் காக்கும். பேட்டரி செல்களை இணைக்க விற்கும் நிக்கல் பட்டை, 8 மி.மீ. அகலம், சிரிஞ்சுக்குள் சரியாக நுழைகிறது.

நிக்கல் என்று விற்பதில் பல, இரும்புப் பட்டைமேல் நிக்கல் முலாம் பூசியவை. காந்தம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். பட்டையை உப்புத்தாளால் தேய்த்துக் கீறி உப்பு நீரில் ஒரு ராத்திரி போட்டுவிடுங்கள். முதலில் வாங்கியதில் கீறிய கோடுகள் அத்தனையும் காலையில் செம்பழுப்பாக மாறியிருந்தன. வேறொன்று வாங்கிச் சோதித்தேன். அது அப்படியே பளபளத்தது.

பட்டையில் செம்புக் கம்பியைப் பற்றவைத்து இறக்கியதில் சில நிமிடங்களிலேயே நேர்மின்வாய்ப் பக்கம் நீலப்பச்சைப் புகைபோல ஒன்று கசிந்தது. இணைப்பில் கொஞ்சம் செம்பு வெளியே தெரிந்திருக்கிறது, அது கரைகிறது. க்ளூ கன்னால் இணைப்பை முழுக்க மூடி, கரைசலுக்குள் நிக்கல் மட்டும் தெரியும்படி செய்த பின் நிறம் வரவில்லை.

இப்போது 15-க்கு 6.8. விகிதம் 2.2. மனசு நிறைந்துவிட்டது, ஆனாலும் 0.7 மி.லி. எங்கேயோ இருக்கிறது.

கடைசி அரை மில்லிலிட்டர்

ஒரு பகுதி கரைசலிலேயே இருந்தது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 30 மி.லி. ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும், ஹைட்ரஜனை 19 மி.லி. அளவுக்குத்தான். கிடைப்பதே பாதி, கரைவது அதிகம் என்பதால் அடி முழுக்க ஆக்சிஜன் பக்கம் விழுகிறது. இதற்குப் பரிகாரம் எளிது. முதலில் ஒரு முறை முழுதாக ஓட்டி, வந்த வாயுவை வெளியே விட்டு, கரைசல் நிறைந்தபின் அதே கரைசலை மெதுவாக மேலே உறிஞ்சி அளவெடுக்கும் ஓட்டத்தைத் தொடங்க வேண்டும்.

இன்னொரு பகுதி நான் பாராட்டிய அந்தச் சிலிக்கான் குழாய். அதற்குள்ளும் மூக்குக்குள்ளும் ஏறி நிற்கும் வாயு, சிரிஞ்சின் 0 கோட்டுக்கு மேலே இருக்கிறது; எண்ணில் சேராது. 1 மி.லி. சிரிஞ்சால் நீர் விட்டு நிரப்பி அளந்தேன்: 0.3 மி.லி. இரண்டு பக்கமும் ஒரே அளவு மறைந்தாலும் 15-இல் 0.3 ஒன்றுமில்லை, 7-இல் 0.3 விகிதத்தையே நகர்த்திவிடும். 20 மி.லி. சிரிஞ்சில் கோடுகள் 1 மி.லி. இடைவெளியில்தான் இருந்தன, பக்கத்தில் மில்லிமீட்டர் தாள் ஒட்டி இடைப்பட்டதைப் படித்தேன்.

இந்த முறை நேரமும் குறித்தேன். 100 மில்லிஆம்பியர், 20 நிமிடம். படித்த எண்கள் 15.3, 7.3. மறைந்த 0.3-ஐக் கூட்டினால் 15.6, 7.6.

பாய்ந்த மின்னூட்டத்தை வைத்து எவ்வளவு வாயு வரும் என்று சொல்லும் ஃபாரடே கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் விட மனமில்லை. 0.1 ஆம்பியர், 1200 நொடி, ஆக 120 கூலும் மின்னூட்டம். ஒரு மோல் (துகள்களை எண்ணும் அளவு, ஏறக்குறைய 6.022 × 10²³) எலக்ட்ரானுக்கு 96,485 கூலும்; ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான். 0.000622 மோல் ஹைட்ரஜன் வர வேண்டும். 25 டிகிரியில் ஒரு மோல் வாயு 24.5 லிட்டர், ஆகவே 15.2 மி.லி. தண்ணீர்மேல் சேர்ந்த வாயுவில் நீராவியும் கலந்திருக்கும், அந்த வெப்பநிலையில் ஏறக்குறைய 3 சதவீதம் கூட்டினால் 15.7. கையில் இருப்பது 15.6. எலக்ட்ரானை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. ஆனால் கடிகாரத்தையும் மல்டிமீட்டரையும் வைத்து அவற்றை எண்ணி, சிரிஞ்சில் எங்கே மட்டம் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. மாணவர்களுக்கு மோல் என்பதை விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

வாயுவைச் சோதிக்கும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். ஹைட்ரஜனைச் சிரிஞ்சில் எடுத்து, சின்ன மூடி ஒன்றில் எடுத்த சோப்பு நீரில் குமிழியாக விட்டு, சிரிஞ்சையும் கருவியையும் தள்ளி வைத்த பிறகே நீளக் குச்சியால் நெருப்பைக் காட்ட வேண்டும். ‘டப்’ என்று ஒரு சத்தம். ஆக்சிஜனை இந்த முறை தணல் குச்சியில் விட்டபோது சிவந்த முனை சட்டென்று சுடர்விட்டு எரிந்தது.

அடுத்த முறை சில மாற்றங்கள் செய்வேன். ரெசிஸ்டருக்குப் பதில் மாறா மின்னோட்டம் தரும் சின்ன மாட்யூல் ஒன்று. ஓட்டம் 20 நிமிடமும் 100-இலேயே நிற்கும், சராசரி பார்க்க வேண்டாம். சிலிக்கான் குழாயை 1 செ.மீ. ஆகக் குறைக்க வேண்டும், அல்லது கிளிப்பை மூக்கை ஒட்டிப் போட வேண்டும். கரைசலாகச் சோடியம் சல்ஃபேட்டை எடுத்து, அதில் புரோமோதைமால் நீலம் என்ற அமில-கார நிறங்காட்டியைச் சில சொட்டு விட்டால் எதிர்மின்வாய்ப் பக்கம் நீலமாகவும் நேர்மின்வாய்ப் பக்கம் மஞ்சளாகவும் மாறும். எங்கே காரம், எங்கே அமிலம் உண்டாகிறது என்று கண்ணுக்கே தெரியும். ஆனால் நடுநிலைக் கரைசலில் நேர்மின்வாயைச் சுற்றி அமிலம் சேரும்போது நிக்கல் தாங்காது. அதற்குப் பிளாட்டினம் முலாம் பூசிய டைட்டானியம் வலைத் துண்டு தேவைப்படும். முலாம் பூசும் பட்டறைகளில் பயன்படுத்துவது அது; சின்னத் துண்டாக வாங்க வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.